அவசரம் அறியாத வாசனை



இன்று மாலை நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் ஒரு வாசனை. வளைகுடாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய ஒருவராவது இல்லாத தெரு நம் ஊர்களில் குறைவு. அவர் பெட்டியைத் திறந்தால் பேரீச்சம்பழம் இருக்கும், பாதாம் இருக்கும், கோடாலித் தைலம் இருக்கும், கூடவே ஒரு சென்ட் பாட்டிலும் இருக்கும். அதன் மூடியைத் திருகியதும் வருமே ஒரு மணம்! ஏலக்காயும் குங்குமப்பூவும், ரோஜாவும் பிசினும், புகைந்த கட்டையும் ஒன்றாகக் கலந்த, வெதுவெதுப்பான, காரமான மணம். அந்த அரபு மணத்தின் குணம் என்ன? அதைத்தான் உங்களோடு சேர்ந்து தேடப் போகிறேன்.

இந்த மணத்தைப் பற்றி நம்மிடம் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கிறது. “தலை வலிக்குது” என்போம். “ஆளையே தூக்குது” என்போம். “கல்யாண வீட்டுக்குப் போட்டுக்கலாம், ஆபீஸுக்கு ஆகாது” என்போம். மூடியைத் திறந்து ஒரு நிமிடம் ஆவதற்குள் தீர்ப்பு முடிந்துவிடுகிறது. ஒரு நிமிடத்தில் அறிந்துகொள்ளக்கூடிய வாசனையா இது?

நான் சொல்ல வந்தது இதுதான்: அரபு மணம் அவசரம் அறியாதது. மரத்துக்குள் அது உருவாக ஆண்டுகள் ஆகின்றன. மேனியில் அது விரிய மணிக்கணக்காகிறது. பூசிக்கொண்டவரைவிடப் பக்கத்தில் இருப்பவரை எண்ணியே அது காலங்காலமாகச் செய்யப்பட்டு வந்திருக்கிறது. பொறுமையும் விருந்தோம்பலும்தான் அதன் குணம். இந்த இரண்டையும் அறியாமல் முகர்ந்தால் காட்டம் மட்டும்தான் மூக்கில் ஏறும்.

முதலில் ஒரே ஒரு துளியைப் பின்தொடர்வோம். மணிக்கட்டில் வைக்கிறோம். முதலில் வருவது யார்? மசாலாக்கள் வருகின்றன. ஏலக்காய் வருகிறது, மிளகு வருகிறது, தேனும் தோலும் காய்ந்த வைக்கோலும் சேர்ந்தாற்போல் மணக்கும் குங்குமப்பூ வருகிறது. அரபு வீட்டில் விருந்தினருக்கு முதலில் ஊற்றித் தரும் கஹ்வா என்ற காபியில் போடுவதும் இதே ஏலமும் இதே குங்குமப்பூவும்தான். நாக்குக்குத் தரும் வரவேற்பையே அவர்கள் மூக்குக்கும் தருகிறார்கள். அந்த ஏலக்காய் ஒரு காலத்தில் நம் மேற்கு மலையிலிருந்து கப்பலேறியது. இன்று வளைகுடாவின் காபிக் கெண்டியில் விழும் ஏலத்தில் பெரும்பங்கு குவாத்தமாலாவில் விளைகிறது. அதைச் சொல்லும்போது மனம் வருந்தத்தான் செய்கிறது.

பாட்டிலில் இருக்கும் திரவம் அறையின் சூட்டில்தான் இருக்கிறது. அப்படியிருக்க, முகர்ந்தவுடன் வெதுவெதுப்பு எங்கிருந்து வருகிறது? நல்ல கேள்வி. கிராம்பில் யூஜெனால் என்ற பொருள் இருக்கிறது. வெம்மையை உணர்வதற்கென்று நம் உடலில் உள்ள ஏற்பிகளில் ஒன்றை அது தூண்டுகிறது. பட்டையில் உள்ள சின்னமால்டிஹைடோ, கடுகின் காரத்தை நமக்கு உணர்த்தும் அதே ஏற்பியைத் தட்டி எழுப்புகிறது. ஆக, சூடு என்று நாம் சொல்வது வெறும் கற்பனை அன்று. உடலே அப்படித்தான் உணர்கிறது. அதன்மேல் வனிலாவின் இனிப்பும் சாம்பிராணியின் இனிப்பும் வந்து படிகின்றன. காரமும் இனிப்பும் கைகோத்தால் வெதுவெதுப்பு. ஆனால் இந்த மசாலாச் சத்துகள் அளவு மீறினால் தோலை உறுத்தும். அதனால் கிராம்புக்கும் பட்டைக்கும் வாசனைத் தொழிலில் உலகளாவிய வரம்புகள் உண்டு. நல்ல அத்தர் செய்பவர் நல்ல சமையல்காரரைப் போல, காரத்தை எங்கே நிறுத்த வேண்டும் என்று அறிந்தவர்.

மசாலா அடங்கியதும் ரோஜா எழுகிறது. மக்காவுக்குக் கிழக்கே, கடல் மட்டத்திலிருந்து 1,700 மீட்டருக்கும் மேலே, தாயிஃப் என்ற மலையூர் இருக்கிறது. இளவேனிலில் சில வாரங்கள் மட்டுமே அங்கே ரோஜா பூக்கும். வெயில் ஏறினால் பூவின் எண்ணெய் ஆவியாகிவிடும் என்பதால் விடிவதற்கு முன்பே பறிக்கத் தொடங்கி, அன்றைக்கே செப்புப் பானைகளில் இட்டு வடிக்கிறார்கள். வடித்த எண்ணெய் தோலா கணக்கில் விலைபோகிறது. ஒரு தோலா என்பது 12 கிராமுக்கும் குறைவு. அதற்குப் பல ஆயிரம் பூக்கள் வேண்டும்.

ரோஜாவும் தணிந்த பிறகு வருவதுதான் அடிமணம். பிசின், கட்டை, அம்பர், கஸ்தூரி. எலுமிச்சை, ஆரஞ்சுத் தோல்களின் மணத்தைச் சுமக்கும் மூலக்கூறுகள் இலேசானவை. மேனியின் சூடு பட்டதும் பறந்துவிடும். பிசினிலும் கட்டையிலும் உள்ளவை கனமானவை. மெல்ல மெல்லத்தான் கிளம்பும். கடும் வெயில் காயும் நாட்டில் இலேசான மணம் வாசலைத் தாண்டுவதற்குள் மறைந்துபோகும். அதனால்தான் அரபு நாட்டார் கனமானவற்றைத் தேர்ந்தார்கள். ஆல்கஹால் சேர்க்காமல் எண்ணெயிலேயே கலந்தார்கள். காலையில் இட்ட துளி இரவில் போர்வையில் இருக்கும். அந்த இரவு மணத்தை முகராதவர் இந்த வாசனையின் முதல் பக்கத்தைத்தான் படித்திருக்கிறார்.

இனி, அந்த அடிமணம் பிறக்கும் நிலத்துக்குப் போவோம் வாருங்கள்!

ஓமன் நாட்டின் தெற்கே தோஃபார். அதன் தலைநகர் சலாலா. நமக்கு மழை கொண்டுவரும் அதே தென்மேற்குப் பருவக்காற்று ஜூனிலிருந்து செப்டம்பர் வரை அங்கேயும் வீசுகிறது. மலையின் கடல்பக்கம் முழுக்கப் பச்சைப் பசேல் என்றாகும். ஆனால் சிறந்த பிசின் அந்தப் பச்சையில் பிறப்பதில்லை. மலையைத் தாண்டி மறுபக்கம் இறங்கினால், மேகம் எட்டாத வறண்ட கல்நிலம். அங்கே பாறையைப் பற்றிக்கொண்டு முறுக்கி நிற்கும் குட்டை மரங்கள் உண்டு. போஸ்வெல்லியா சாக்ரா என்பது தாவரவியல் பெயர். நம் நாட்டு மருந்துக் கடையில் குந்திரிக்கம் என்று கேட்டால் தருகிறார்களே, அந்தப் பிசின் மரத்தின் அரபு உறவு. ஞானியர் குழந்தை இயேசுவுக்குக் கொண்டுவந்த மூன்று காணிக்கைகளில் ஒன்று இந்த மரங்களின் பிசின்தான்.

எப்படி எடுக்கிறார்கள்? சிறிய கத்தியால் பட்டையைச் சில இடங்களில் மட்டும் மெல்லச் சீவுகிறார்கள். பால்போல் வெள்ளைத் துளி கசிகிறது. அதை உடனே எடுத்துவிடுவார்களா? மாட்டார்கள். இரண்டு வாரம்போலக் காயவிடுகிறார்கள். முதலில் வரும் பிசின் மட்டமானது என்று ஒதுக்குகிறார்கள். மீண்டும் அதே இடத்தைச் சீவுகிறார்கள், மீண்டும் காத்திருக்கிறார்கள். அடுத்தடுத்த சீவலில்தான் இளம்பச்சை ஓடிய வெண்மணிகள் வருகின்றன. கங்கில் ஒரு மணியை இட்டால் எலுமிச்சையும் கோயில் கருவறையும் சேர்ந்து மணக்கும். சீவிய மரத்துக்கு ஓய்வு கொடுப்பதும் அந்த மலைமக்களின் பழைய நெறி. ஓய்வு கொடுக்காமல் சீவினால் மரம் நலிகிறது. விதையின் வீரியம் குறைகிறது. பேராசையை அந்த மரம் தாங்காது.

அந்தத் தோஃபார் கரையில் கொர் ரோரி என்ற உப்பங்கழி இருக்கிறது. அதன் மேட்டில் சும்ஹுரம் என்ற பழைய துறைமுக நகரின் இடிபாடுகள். அந்தப் பிசின் ஏற்றுமதியான துறை அது. இத்தாலிய ஆய்வாளர்கள் அங்கே தோண்டியபோது 2006-இல் ஒரு பானை ஓடு கிடைத்தது. உடைந்த பானையின் துண்டைத் தேய்த்து மூடியாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அதன்மேல் எழுத்து. என்ன எழுத்து தெரியுமா? தமிழ் பிராமி! படித்தார்கள்: ‘ணந்தை கீரன்’. ஏறத்தாழ 2,000 ஆண்டுகளுக்கு முன்னால், கீரன் என்ற பெயருடைய ஒருவரின் பாண்டம் அந்தப் பிசின் துறைமுகத்தில் இருந்திருக்கிறது! இங்கிருந்து மிளகு போனது, அங்கிருந்து பிசின் வந்தது. அரபு மணம் நமக்கு அந்நியம் என்று யாராவது சொன்னால், கீரனின் அந்தப் பானை ஓட்டை எடுத்துக் காட்டுங்கள். சும்ஹுரத்தையும், வாதி தவ்கா என்ற பள்ளத்தாக்கின் பிசின் மரங்களையும், இன்னும் இரண்டு இடங்களையும் சேர்த்து யுனெஸ்கோ 2000-இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் வைத்திருக்கிறது.

பிசினைப் பார்த்தோம். கட்டை?

அரபியில் ஊத் என்பார்கள். நாம் அகில் என்கிறோம். சங்கப் பாடல்களிலே மகளிர் கூந்தலுக்கு ஊட்டிய அகிற்புகை, இன்று துபாய்ச் சந்தையில் தங்கத்துக்குப் பக்கத்தில் விற்கும் அதே அகிலின் புகைதான். அரபு மணத்தின் உயிர் இந்தக் கட்டை. ஆனால் அரபு நாட்டில் இந்த மரம் வளர்வதே இல்லை! அசாம், வங்கம், பர்மா, கம்போடியா, வியட்நாம், மலேயா, சுமத்ரா என்று கிழக்கே உள்ள மழைக்காடுகளின் மரம் அது.

அந்த மரம் நலமாக இருக்கும்போது வெளிறிய, எடையற்ற, மணமற்ற கட்டை. விறகுக்குக்கூட ஆகாது. ஒரு பூச்சி துளைக்கிறது, கிளை முறிகிறது, அந்தக் காயத்தின் வழியே பூஞ்சணம் நுழைகிறது. மரம் தன்னைக் காத்துக்கொள்ளக் கருத்த பிசினைச் சுரக்கிறது. ஆண்டுக்கணக்கில் சுரக்கிறது. வெளிறிய கட்டை கருக்கிறது, கனக்கிறது. மேலான கட்டை தண்ணீரில் போட்டால் மூழ்கும். மூழ்குவதுதான் அதற்கு உரைகல். அதைத் தூளாக்கி, நாட்கணக்கில் நீரில் ஊறவைத்து, பிறகு வடிக்கிறார்கள். அசாம் எண்ணெயில் தோலின் வாடையும் மாட்டுத் தொழுவத்தின் வாடையும் முதலில் எழும். முதன்முதலாக முகர்பவர் முகம் சுளிப்பார். ஒரு மணிநேரம் பொறுத்தால் அந்த வாடை கரைந்து, புகையும் தேனும் பழைய மரப்பெட்டியின் மணமும் வரும். கம்போடிய எண்ணெய் அப்படிச் சோதிக்காது; தொடக்கத்திலேயே பழ இனிப்போடு வரும். எனக்கு அசாம்தான் உயர்வாகப் படுகிறது. பொறுத்தவருக்குப் பரிசு தரும் எண்ணெய் அது.

அசாமில் ஹோஜாய் என்ற ஊர் இந்தக் கட்டை வாணிபத்துக்குப் பேர்போனது. அந்த ஊர் விவசாயக் குடும்பத்திலிருந்து ஹாஜி அஜ்மல் அலி என்பவர் பம்பாய்க்குப் போய் 1951-இல் தொடங்கிய கடைதான், இன்று துபாயைத் தலைமையிடமாகக் கொண்ட அஜ்மல் நிறுவனம். அரபு மணம் என்று நாம் சொல்லும் கலவையில் அசாமின் காடு இருக்கிறது, மைசூரின் சந்தனம் இருக்கிறது, கேரளத்தின் மிளகு இருக்கிறது. ஒரு தேசத்தின் சொத்து என்று இதைக் கட்டிவைக்க முடியாது. கலக்கும் அறிவு அரபு அறிவு. கலந்த பொருள்கள் இந்துமாக் கடல் முழுவதும் திரட்டியவை.

அந்த அறிவு எவ்வளவு பழையது? 9-ஆம் நூற்றாண்டில் பாக்தாதில் வாழ்ந்த தத்துவ அறிஞர் அல்கிந்தி, வாசனைப் பொருள்களின் வேதியியலையும் வடித்தலையும் பற்றி ஒரு நூல் எழுதினார். நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள். விலை உயர்ந்த கஸ்தூரிக்கு மாற்றாக மலிவான பொருள்களில் செய்வது எப்படி என்பதும் அதில் உண்டு. அந்தக் காலத்துச் செல்வர்கள் பூசிய காலியா என்ற கலவையில் கஸ்தூரியும் அம்பரும் சேரும். அவற்றைக் குழைக்க முருங்கை விதை எண்ணெய். ஆம், நம் முருங்கையின் பாலைவன இனத்தின் எண்ணெய்! மணமற்றது, எளிதில் சிக்குப் பிடிக்காதது என்பதால் அதைத் தேர்ந்தார்கள்.

கஸ்தூரியும் அம்பரும் உயிர்களிடமிருந்து வந்தவை. கஸ்தூரி மான் இன்று காக்கப்படும் விலங்கு. சந்தையில் உள்ள கஸ்தூரி மணம் ஏறக்குறைய எல்லாமே ஆய்வகத்தில் செய்தது. அம்பர், எண்ணெய்த் திமிங்கலத்தின் குடலில் உருவாகிக் கடலில் பல ஆண்டு மிதந்து வெளுத்துக் கரையேறுவது. நம் கடலோர மாவட்டங்களில் அதைக் கடத்தியதாகக் கைது செய்தி அடிக்கடி வருகிறது. இந்தியாவில் அதை விற்பதும் வாங்குவதும் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். இளைஞர்களே, யாராவது ஆசை காட்டினால் கிட்டே போகாதீர்கள். கிளாரி சேஜ் என்ற செடியிலிருந்து அதற்கு இணையான மணத்தை எடுத்துப் பல ஆண்டுகள் ஆகின்றன.

இப்போது என் பேச்சின் நெஞ்சான இடத்துக்கு வருகிறேன். இந்த மணத்தை அவர்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

ஒரு வளைகுடா வீட்டின் மஜ்லிஸ் என்ற வரவேற்பறை. விருந்து முடிந்துவிட்டது. கைகழுவி, காபியும் குடித்தாயிற்று. அப்போது வீட்டுக்காரர் மப்கரா என்ற தூபக்காலில் கங்கை வைத்து, அதன்மேல் ஒரு துண்டு ஊத் கட்டையையோ, எண்ணெயில் ஊறவைத்த மரத்தூளில் செய்த பகூரையோ இடுகிறார். புகை எழுகிறது. தூபக்கால் கைமாறி வருகிறது. விருந்தினர் ஒவ்வொருவரும் புகையை உள்ளங்கையால் தம் பக்கம் வாரிக்கொள்கிறார். தலைத்துணிக்குக் காட்டுகிறார், தாடிக்குக் காட்டுகிறார். ஊத் வந்த பிறகு உட்காருவது இல்லை என்று அங்கே ஒரு பழமொழி உண்டு. புகை சுற்றி வந்தால் விடைபெறும் நேரம் என்று எல்லோருக்கும் தெரியும். “போய் வாருங்கள்” என்று சொல்ல யாரும் வாய் திறக்க வேண்டியதில்லை. வெறுங்கையோடு யாரையும் அனுப்புவதும் இல்லை. ஒவ்வொருவரும் அந்த வீட்டின் மணத்தை உடுத்திக்கொண்டுதான் போகிறார்கள்.

நாம் என்ன செய்கிறோம்? கல்யாண மண்டப வாசலில் பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து வரவேற்கிறோம். நாம் மணத்தோடு வரவேற்கிறோம். அவர்கள் மணத்தோடு வழியனுப்புகிறார்கள். இரண்டிலும் உள்ள கரிசனம் ஒன்றுதானே?

எமிரேட்ஸ் ஆண்கள் அணியும் கந்தூரா என்ற நீண்ட வெள்ளை அங்கியைப் பாருங்கள். கழுத்திலிருந்து ஒரு குஞ்சம் தொங்கும். அழகுக்காக என்று நினைப்போம். அதை அத்தரில் தோய்ப்பது அவர்கள் வழக்கம். எதிரே நின்று பேசுபவருக்கு மணக்க வேண்டுமே! வெள்ளிக்கிழமைத் தொழுகைக்குக் குளித்து மணம் பூசிப் போவதும், தோளோடு தோள் நிற்கும் அடுத்தவரை எண்ணித்தான். ஆகவே, “இது ஆளைத் தூக்குகிறது” என்று நாம் குறைசொல்லும் அந்த வீச்சு, அதன் சொந்த வீட்டில் ஒரு மரியாதை. நாலு பேருக்குப் போதுமான அளவு சமைக்கும் கை, மணத்தையும் நாலு பேருக்குப் போதுமான அளவில்தானே செய்யும்!

இந்த மணத்தின்மேல் பாரிசுக்கும் ஆசை வந்தது. 1925-இல் ஜாக் கெர்லேன் என்ற வாசனைக் கலைஞர் வெளியிட்ட ஷாலிமார் என்ற சென்ட், வனிலாவையும் பிசினையும் வைத்து அவர் கண்ட கிழக்கைப் படைத்தது. பெயரை எடுத்தது முகலாயத் தோட்டத்திலிருந்து. அந்த வகைக்கே ‘ஓரியண்டல்’ என்று பெயரிட்டு நெடுங்காலம் அழைத்தார்கள். அரபு, இந்தியா, சீனா எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டும் அந்தப் பெயர் சரியில்லை என்று 2021-இல் வாசனை வகைப்பாட்டாளர் மைக்கேல் எட்வர்ட்ஸ் அதை ‘ஆம்பர்’ என்று மாற்றினார். சரியான மாற்றம் என்றே நான் கருதுகிறேன். ஊத் மணத்தை முன்னிறுத்தி 2002-இல் ஈவ் சாங் லோரான் நிறுவனம் கொண்டுவந்த எம்7 என்ற சென்ட் அன்று பெரிதாக விற்கவில்லை. அடுத்த பத்தாண்டுகளில் ஊத் இல்லாத பெரிய கடை இல்லை என்றானது. இவற்றுக்கு முன்பே, 1983-இல், ஓமன் தன் பிசினுக்கு உரிய மேடையைத் தானே அமைத்தது. சுல்தான் காபூசின் விருப்பப்படி தொடங்கிய அமுவாஜ் நிறுவனத்தின் முதல் மணத்தைச் செய்தவர் கீ ரொபேர் என்ற பிரெஞ்சுக்காரர். தோஃபாரின் பிசினும் பிரான்சின் கைத்திறனும் அங்கே சமமாக உட்கார்ந்தன. கிழக்கைப் பற்றிக் கனவு காண்பதைவிடக் கிழக்கோடு உட்கார்ந்து செய்வது மேல் என்பதற்கு அது சான்று.

அன்பர்களே, இனி உங்களிடம் சில வேண்டுகோள்கள்.

இந்த மணத்தைக் கடைக்காரர் நீட்டும் அட்டையில் முகர்ந்து முடிவு செய்யாதீர்கள். அட்டைக்கு உடற்சூடு கிடையாது. மணிக்கட்டில் ஒரே ஒரு துளி வையுங்கள், தேய்க்காதீர்கள். வீட்டுக்குப் போங்கள், உங்கள் வேலையைப் பாருங்கள். இரவு படுக்கும்முன் முகருங்கள். அப்போதும் பிடித்திருந்தால் மறுநாள் போய் வாங்குங்கள். நம் கடற்கரை ஊர்களின் புழுக்கத்தில் துளி போதும். நெரிசலான பேருந்துக்குள்ளும் மருத்துவமனைக்குள்ளும் அதுவும் வேண்டாம். அடுத்தவரை மகிழ்விக்கப் பிறந்த மணம் அடுத்தவரைத் துன்புறுத்தக் கூடாது.

கடைசியாக ஒன்று. மலாக்கா அகில் மரம் 1995 முதல் பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. 2005 முதல் அகில் இனம் முழுவதும் அந்தக் கட்டுப்பாட்டில் வந்துவிட்டது. அப்படியும் காடுகளில் அது அற்றுப்போகும் நிலையில்தான் நிற்கிறது. எந்த மரத்துக்குள் பிசின் இருக்கிறது என்று வெளியே தெரியாததால், ஒன்றுமில்லாத மரங்களையும் வெட்டிச் சாய்த்தார்கள். இன்று அசாமிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் தோட்டங்களில் நட்டு, துளையிட்டுப் பூஞ்சணம் செலுத்திப் பிசின் எடுக்கிறார்கள். அதனால் ஊத் கட்டையோ எண்ணெயோ வாங்கப் போகும்போது கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: “இது தோட்டத்துக் கட்டையா, காட்டுக் கட்டையா? காகிதம் இருக்கிறதா?” பதில் சொல்லத் தயங்கும் கடையில் வாங்காதீர்கள்.